கைராசிக்குக் கூலி கிடையாது

"பாய்க்குக் கைராசிப்பா. அவர் தொட்டா வண்டி பேசும்."

இதைச் சொன்னவர் என் சித்தப்பா. சொன்னது காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில், சென்ற வருடம் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். இரண்டு வருடமாகப் பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்த அம்பாசிடர் அன்றுதான் ஒரு சொட்டும் ஒழுகாமல் 20 நிமிடம் ஓடியது. அதற்கடுத்த பத்து நிமிடத்தில் அதே சித்தப்பா அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "எதையும் மாத்தலையேண்ணே. ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டாரு, அவ்வளவுதான? அதுக்கு எதுக்கு ஐநூறு?" என்றார்.

இந்த இரண்டு பேச்சும் ஒரே பேச்சுதான் என்பது என் வாதம். ராசி என்று சொல்லிவிட்டால் அது கடவுள் கொடுத்தது. கடவுள் கொடுத்ததற்கு மனிதனுக்கு எதற்குக் காசு? மெக்கானிக்கைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு நாம் செய்வது, அவருடைய அறிவைக் கணக்கிலிருந்து கழிக்கும் வேலை. இதை நிரூபிக்க ஒரு கார்பரேட்டரைக் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. அப்பா ஒரு செட்டியார் வீட்டில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். அந்தக் குடும்பம் சென்னைக்கே போய்விட்டபோது, ஆச்சி அந்த வண்டியை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். அம்பாசிடர் மார்க் 2. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பும், 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜினும் கொண்டது. உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றேபோனது. எங்கள் வண்டி நிற்கவில்லை. அப்பாவுக்கு அது சொத்து இல்லை, சாட்சி. தான் ஒரு வேலையை முப்பது வருடம் ஒழுங்காகச் செய்ததற்கு அவரிடம் இருக்கும் ஒரே ஆவணம்.

நான் நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். பதினைந்து வருடமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறேன். பெர்னௌலி சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். அந்தச் சமன்பாட்டின்மேல் நிற்கும் கார்பரேட்டரை முப்பத்தைந்து வயதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

கார்பரேட்டருக்குப் பக்கத்தில் ஃப்ளோட் சேம்பர் என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். பம்ப் அனுப்பும் பெட்ரோல் முதலில் அதில் வந்து விழும். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை, அதுதான் ஃப்ளோட். பெட்ரோல் ஏற ஏற மிதவை ஏறி, ஒரு சின்ன ஊசியை மேலே தள்ளும். ஊசி போய்த் துளையை அடைக்கும், வரத்து நிற்கும். இன்ஜின் குடித்து மட்டம் இறங்கினால் துளை திறக்கும். வீட்டு மாடித் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊசி அடைக்காவிட்டால் பெட்ரோல் நிரம்பி வழியும். இதைத்தான் மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள்.

இது வெறும் மைலேஜ் பிரச்சினை அல்ல. பி-சீரிஸ் இன்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. மேலே வழிந்தால் கீழே சுடுகிற இரும்பு. வழிகிற பெட்ரோல் இன்னொரு வழியில் சிலிண்டருக்குள் இறங்கி, சுவரிலிருக்கும் ஆயில் பூச்சைக் கழுவிக்கொண்டு ஆயிலோடு கலக்கும். அப்பா ஒருநாள் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்துவிட்டு, "ஆயில்ல பெட்ரோல் வாடை அடிக்குதுடா" என்று போனில் சொன்னார். பெங்களூரில் ஒரு மீட்டிங் நடுவே இருந்த நான், "ஒர்க்‌ஷாப்ல விடுங்கப்பா" என்றேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஒன்றல்ல, மூன்று.

முதல் இடத்தில் ஊசியும் அது உட்காரும் வால்வும் சேர்ந்த கிட்டை மாற்றினார்கள். பத்து நாள் ஒழுகவில்லை, அப்புறம் ஒழுகியது. இரண்டாவது இடத்தில், "கார்பரேட்டரே போச்சுண்ணே" என்று மொத்தமாகப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். அதுவும் ஒழுகியது. மூன்றாவது இடத்தில் எதையும் கழற்றவில்லை. "இப்ப வர்ற பெட்ரோல் சரியில்ல சார். எல்லாம் எத்தனால். பழைய வண்டிக்கு இனிமே இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று பதிலும் முட்டாள்தனமானவை அல்ல. ஊசி தேயும், அதன் நுனியில் வளையம்போலப் பள்ளம் விழும். பித்தளை மிதவையில் பொத்தல் விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து அது மூழ்கும். எத்தனாலும் அப்பாவி அல்ல. பழைய ரப்பரை ஊதவைக்கும், டேங்கில் ஐம்பது வருடமாகப் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஊசிக்கடியில் வைக்கும், ஈரத்தை இழுக்கும். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் எரிபொருள் திறன் குறையலாம் என்கிறது. பழைய வண்டிக்காரனுக்கு பங்க்கில் வேறு பெட்ரோல் கேட்டு வாங்க வழியில்லாமல் செய்தது அநியாயம்தான்.

ஆனால் காரணமாக இருக்க முடியும் என்பது ஒன்று, இந்த வண்டியில் இதுதான் காரணம் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சோதனை இருக்க வேண்டும். எத்தனால் கசடைக் கிளப்பியிருந்தால் ஃபில்டரில் தெரியும். ரப்பர் ஊதியிருந்தால் ஊசி நுனியில் தெரியும். இன்னொன்றும் உண்டு. எத்தனால் பெட்ரோலைவிடச் சற்று அடர்த்தியானது. அடர்த்தி கூடினால் மிதவை கொஞ்சம் முன்னதாகவே எழும்பி ஊசியை அடைக்கும். அந்த ஒரு கணக்கில் பார்த்தால் இ20 வழிதலை மயிரிழை குறைக்கவே வேண்டும். மூன்று இடத்திலும் யாரும் ஃபில்டரைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

பிறகுதான் அப்பா பாயைக் கூட்டிவந்தார். எழுபதைத் தாண்டியவர். பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிறது. ஆட்டோவில் வந்து இறங்கினார். டீ குடித்தார். பானெட்டைத் திறக்கவில்லை. "செல்ஃப் அடிக்க வேணாம்ணே. சாவிய மட்டும் போடுங்க" என்றார். அப்பா போட்டார். பாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டிக் டிக் எங்கண்ணே?"

சித்தப்பாவுக்குப் புல்லரித்தது இங்கேதான். எனக்கும்தான். ஆனால் புல்லரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு என்ன நடந்தது என்று பாருங்கள்.

எங்கள் வண்டியில் பழைய எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்ப் இருந்தது. அதில் மின்காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கும், ஸ்பிரிங் திரும்பத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு டிக். கிண்ணம் நிரம்பி ஊசி அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. பம்ப் அப்படியே நின்றுவிடும், சத்தமும் நிற்கும். ஆகவே சாவி போட்டதும் வேகமாக டிக் டிக் என்று அடித்து அமைதியானால் ஊசி அடைக்கிறது என்று பொருள். அமைதியாகாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ போகிறது, அல்லது டேங்கில் பெட்ரோலே இல்லை. பாய் காதால் செய்தது ஓர் அளவீடு. அன்று அவர் கேட்டது டிக் அல்ல, ஓயாத ஓர் உறுமல். யாரோ பம்பை மாற்றியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வருடம் முன்னால் மதுரை ரோட்டில் வண்டி நின்றபோது, வழியில் ஒரு கடையில் பழைய பம்பை எடுத்துவிட்டு ஏதோ மாடர்ன் பம்ப் போட்டுக் கொடுத்தார்கள். பழையது டிக்கியில் ஒரு சாக்குக்குள் கிடந்தது.

எங்கள் தொழிலில் எது உடைந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்துனீங்க?" வாரத்துக்கு நான்கு முறை நான் பிறரைக் கேட்கும் கேள்வி இது. அப்பாவிடம் இரண்டு வருடத்தில் ஒருமுறை கேட்டதில்லை. போனில் இருபது ரூபாய்க்கும் குறைவான செலவில் கிடைத்திருக்க வேண்டிய பதில்.

பாய் அத்தோடு தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. இதுதான் முக்கியம். சந்தேகம் வந்தது, அதைச் சோதித்தார். பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒதுக்கிவைத்தார். ஒரு காலி குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, திறந்த பானெட்டில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டு, அதன் டியூபை கார்பரேட்டருக்குக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு வாளி மணல். "பீடி கீடி பத்தவைக்கிறவுக தெருவுக்குப் போயிருங்க" என்றார். இன்ஜின் 20 நிமிடம் ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அந்தப் பாட்டில் என்ன சொல்கிறது? ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோலின் எடை ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் தரும். இரண்டடி மேலே தொங்கும் பாட்டில் முக்கால் பிஎஸ்ஐக்கும் குறைவாகவே தரும். அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஊசி ஒழுங்காக அடைக்கிறது. ஆகவே ஊசி, மிதவை, கிண்ணம் மூன்றும் குற்றமற்றவை. மிச்சம் இருப்பது அழுத்தம். கழித்தல் கணக்கு, அவ்வளவே.

டயருக்கு 28, 30 என்று காற்று அடிக்கிறோமே, அதே பிஎஸ்ஐதான். இந்தக் கார்பரேட்டர் பொறுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்று வரை. இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் நாற்பதுக்கு மேல் தள்ளும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் சின்னப் பம்புகள் நான்கிலிருந்து ஏழுவரை தள்ளும். ஊசி அடைக்கும் துளை 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 பிஎஸ்ஐயில் ஊசியைக் கீழே தள்ளும் விசை சுமார் நாலரை கிராம். 6 பிஎஸ்ஐயில் பதிமூன்று கிராம். அந்தக் கூடுதல் எடையைத் தாங்க மிதவை இன்னும் அமிழ்ந்தாக வேண்டும். அது அமிழப் பெட்ரோல் மட்டம் ஏற வேண்டும். ஏறினால் வழியும். அடுத்த வாரம் நான் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஆறு காட்டியது. கேஜின் விலை இரண்டு பிரியாணி. அதைச் செய்யாமல் நாங்கள் வாங்கியது ஒரு கிட்டும் ஒரு முழுக் கார்பரேட்டரும்.

இதில் ராசி எங்கே இருக்கிறது? ஒரு கேள்வி, ஒரு சந்தேகம், ஒரு சோதனை, ஒரு முடிவு. இதையே வெள்ளைக்கோட்டுப் போட்டவர் செய்தால் டயக்னோசிஸ். நான் லேப்டாப்பில் செய்தால் ரூட் காஸ் அனாலிசிஸ், அதற்குப் பவர்பாயின்ட் உண்டு, அப்ரைசலில் மதிப்பெண் உண்டு. கிரீஸ் படிந்த கையால் செய்தால் கைராசி.

எஸ்.யூ. என்ற இரண்டெழுத்தின் விரிவு ஸ்கின்னர்ஸ் யூனியன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதல் கார்பரேட்டர்களில் இன்றிருக்கும் பிஸ்டனுக்குப் பதில் தோலால் ஆன துருத்தி இருந்தது. குடும்பத்துக்குத் தெரிந்த தோல் அறிவு நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது. அங்கே அவருக்குக் கிடைத்தது காப்புரிமை. நம்மூரில் தோல் தெரிந்தவருக்கும், இரும்பு தெரிந்தவருக்கும், மரம் தெரிந்தவருக்கும் நாம் என்ன கொடுத்தோம் என்று யோசித்தால் கைராசி என்ற சொல்லின் வயது தெரியும். கை செய்வது வேலை, தலை செய்வது அறிவு என்று பிரித்துவைத்த சமூகத்தில், கை அறிவோடு நடந்துகொள்ளும்போது அதற்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அந்த விளக்கம்தான் ராசி.

காரைக்குடி அறிவுக்குப் பஞ்சமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது, 1953-இல் திறந்தது. உலோகம் ஏன் அரிக்கிறது என்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர்கள் நடமாடும் ஊர். அந்த வளாகத்துக்கும் ஒரு பட்டறைக்கும் நடுவே உள்ள தூரம் சைக்கிளில் போகக்கூடியது. அந்தத் தூரத்தை யாரும் கடந்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

இந்த ஊர் பழமைக்கு விலை வைக்கத் தெரியாத ஊரும் இல்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மா தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் விலை உண்டு. பழைய வீட்டு முகப்பில் ஓடாத காரை நிறுத்திக் கல்யாணப் போட்டோ எடுக்க வாடகை உண்டு. ஓடாத காருக்கு மெக்கானிக் தேவையில்லை என்பதால் அந்த மரபுக் காதல் மலிவாக முடிந்துவிடுகிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "அனுபவம்னு ஒண்ணு இருக்கே. எல்லாத்தையும் கேஜ் வெச்சு அளந்துர முடியுமா?" முடியாது. பாயின் காது ஐம்பது வருடத்தில் பழகியது. எனக்கு அந்தச் சத்தம் சத்தமாகவே கேட்டிருக்காது. அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அனுபவம் என்பது காரணங்களின் சேமிப்பு என்கிறேன். ராசிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு எளிது. ராசி தப்பாகாது. அறிவு தப்பாகும், திருத்திக்கொள்ளும்.

பாயும் தப்பு செய்தார். சாக்கிலிருந்த பழைய பம்பின் பாயின்ட்டைத் தேய்த்து, டயாஃப்ரம் மாற்றிப் பூட்டினோம். கேஜ் இரண்டுக்குச் சற்றுக் கீழே காட்டியது. ஓடும்போது ஒழுகல் நின்றது. ஆனால் மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் வண்டிக்கடியில் ஓர் ஈரத் திட்டு. "ஊசிதான் தம்பி, மாத்திருவோம்" என்றார் பாய். நான் பாட்டில் பாடத்தை அவரிடமே படித்திருந்தேன். "ஊசின்னா ஓடும்போதும் ஒழுகணுமே பாய்?" என்றேன். யோசித்தார். நேராக வண்டியின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. பழைய மூடி தொலைந்து, எப்போதோ மாட்டிய மூடியில் மூச்சுத்துளை இல்லை. வெயிலில் டேங்குக்குள் ஆவி கட்டி, பம்பைக் கடந்து பெட்ரோலைத் தள்ளியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் வண்டி திணறியதற்கும் அதே மூடிதான் காரணம். உள்ளே காற்று புக வழியில்லை. மூடியை மாற்றினோம், இரண்டும் தீர்ந்தன. பாய் சிரித்தார். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்." கைராசிக்காரரால் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் ராசி போய்விடும்.

இனி ஐநூறு ரூபாய்க்கு வருகிறேன். அந்த மூன்று ஒர்க்‌ஷாப் பில்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பார்ட்ஸ் என்று ஒரு வரி, லேபர் என்று ஒரு வரி. காரணம் கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. அப்படியென்றால் அந்த மெக்கானிக் என்ன செய்வார்? எதையாவது மாற்றினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு மணி நேரம் யோசித்து, ஒரு மூடியைத் திருகிச் சரிசெய்தால், "ஒண்ணும் மாத்தலையே" என்று கேட்க வாசலில் ஒரு சித்தப்பா இருக்கிறார். மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று புலம்புகிறோம். பொருளுக்கு மட்டும் காசு, யோசனைக்கு இல்லை என்று விதி எழுதியது நாம்தான். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்றால் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். அந்த, "ஒண்ணுமில்ல"வுக்குத்தான் அந்தக் காசு என்று நமக்குத் தெரியும்.

அன்று அப்பா சித்தப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. ஐநூறை மடித்துப் பாயின் சட்டைப்பையில் வைத்தார். பாய் வாங்க மறுத்தார், அப்பா விடவில்லை. டிரைவராக இருந்தவருக்குத் தெரியும். வண்டி எங்கும் இடிக்காமல் வீடு வந்து சேர்ந்தால், அன்றைக்கு ஒன்றுமே நடக்காததுபோலத்தான் முதலாளிக்குத் தோன்றும்.

இப்போது டேஷ்போர்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. என்ன மாற்றினோம், எந்தத் தேதி, ஏன் மாற்றினோம், கேஜ் எவ்வளவு காட்டியது. பாய் சொல்ல நான் எழுதியது பதினோரு பக்கம். அவர் தப்பாகச் சொன்னதும் அதில் இருக்கிறது, நான் இரண்டு வருடம் கேட்காமல் விட்டதும் இருக்கிறது. போன மாதம் டைனமோவுக்காக ஒரு புது மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனபோது முதலிலேயே சொன்னேன். "என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா முந்நூறு. மாத்துனா பார்ட்ஸ் காசு தனி. ஒண்ணும் மாத்தாட்டியும் அந்த முந்நூறு உண்டு."

இருபத்தைந்து வயதுப் பையன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எப்பருந்துண்ணே இப்படி ஆகுது?" என்று கேட்டான்.